மணவிழாப் படப்பதிவும் கதை சொல்லும் மரபும்

திருமணம் என்பது மறைவில் நடப்பதன்று, ஊரறிய நடப்பது. நிக்காஹைப் பலரும் அறிய அறிவிக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. வலீ, இரு சாட்சிகள், மஹர், ஈஜாப், கபூல், ஜமாஅத்துப் பதிவேடு ஆகிய யாவும் ஒரே நோக்கத்தை உடையவை. நடந்தது இன்னது, நடத்தியவர் இன்னார், கேட்டவர் இன்னார் என்பதற்குச் சான்று வைப்பதே அந்நோக்கம். அவ்வகையில் பார்த்தால் மணவிழாவைப் படம்பிடிக்கும் இக்காலக் கருவியும் ஒரு சாட்சியே. ஆயின் அது நல்ல சாட்சியாக இருக்கிறதா? நாளை நம் பேரப்பிள்ளைகள் கேட்கும்போது உண்மையைச் சொல்லுமா? சொல்லத் தெரியாத சாட்சியாகவோ, பார்க்காததைச் சொல்லும் சாட்சியாகவோ நின்றுவிடுமா? இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா இதுவே.

தமிழ்த்துறை மலரில் வீடியோவைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். படம்பிடிப்பது கருவியின் வேலை. படம்பிடித்தவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது, எதை முன்வைப்பது, எதில் முடிப்பது என்பன கதை சொல்வோனின் வேலை. கதை சொல்லும் கலையை ஈராயிரம் ஆண்டுகளாகப் பயின்றுவரும் ஒரு மொழியின் மாணவர்களுக்கு இதில் சொல்வதற்கு ஏதும் இல்லையெனில் வேறு எவருக்கு இருக்கும்?

அன்றும் இன்றும்

1976இல் ஜப்பானில் வி.எச்.எஸ். ஒளிநாடா அறிமுகமாயிற்று. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவிற்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னர்ப் பத்தாண்டுகளுக்குள் சிற்றூர்களின் திருமண வீடுகளிலும் வீடியோக்காரர் நுழைந்துவிட்டார். தோளில் கனத்த கருவி, பின்னால் கண்கூசும் விளக்கு, அவ்விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர், அவர் காலடியில் நெளியும் மின்கம்பி. பந்தியில் சோற்றில் கைவைத்தவர் அவ்விளக்கு தம்மீது விழுந்ததும் உண்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். பின்னர் நகரத்துக் கடையில் 'மிக்ஸிங்' நடைபெறும். ரோசாப் பூவின் நடுவே மணமகன் முகம் தோன்றும்; இதய வடிவத்துக்குள் குற்றாலம் அருவி கொட்டும்; மூன்று மணி நேரம் முழுவதும் திரைப்படப் பாட்டு ஒலிக்கும்.

இன்று கருவி கையடக்கமாகிவிட்டது. வானில் பறக்கும் டிரோன் பந்தலை மேலிருந்து படம்பிடிக்கிறது. மூன்று மணி நேரம் மூன்று நிமிடமாகச் சுருங்கி, மணநாள் இரவுக்குள் கைப்பேசிகளில் உலா வருகிறது. ஆயினும் அடிப்படைக் குறை மாறவில்லை. அன்றைய படம் எல்லாவற்றையும் காட்டி ஒன்றையும் சொல்லவில்லை. இன்றைய படம் அழகானதை மட்டும் காட்டி, யாருடைய திருமணம் என்பதையே மறக்கச் செய்துவிடுகிறது. பெயரை மாற்றிவிட்டால் எந்த ஊர் மணமக்களுக்கும் அப்படம் பொருந்தும். எவருக்கும் பொருந்துவது எவருடைய கதையும் அன்று.

ஒரு குரலின் இழப்பு

என் மூத்த சகோதரியின் திருமணம் 1994இல் கீழவைப்பாரில் நடைபெற்றது. கடன்பட்டேனும் வீடியோ எடுக்க வேண்டும் என்று இளையவர்கள் நாங்கள் அடம்பிடித்தோம். வாப்பா அரைமனத்துடன் இசைந்தார். அவர் படத்தில் நிற்க விரும்பாதவர். அன்று முழுவதும் சமையற்பந்தலிலும் வாசலிலுமாக உழன்றுகொண்டிருந்தார். நிக்காஹ் நேரத்தில் மட்டும் மணமகன் எதிரில் வந்தமர்ந்து, கைபற்றி, தம் வாயாலேயே மகளை மணமுடித்துக் கொடுத்தார். பிறரை வகீலாக்காமல் வலீயாகிய தாமே அச்சொற்களைச் சொல்லவேண்டும் என்பது அவர் விருப்பம். கரையிலிருந்து கடலுக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரல் அன்று தழுதழுத்ததாக அருகிலிருந்தோர் பின்னாளில் சொல்வர்.

2001இல் வாப்பா இறையடி சேர்ந்தார். சில மாதங்கள் கழித்து அந்த ஒளிநாடாவைப் போட்டுப் பார்த்தோம். நிக்காஹ் காட்சி வந்தது. வாப்பாவின் உதடுகள் அசைந்தன. ஆனால் ஒலித்தது ஒரு திரைப்படப் பாட்டு. படத்தொகுப்பாளர் 'மிக்ஸிங்' செய்தபோது அசல் ஒலியை முற்றிலும் அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றியிருந்தார். மூன்று மணி நேர நாடாவில் பரிசளிப்போர் வரிசைக்கு மட்டும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் இருந்தது. வாப்பா நான்கு இடங்களில் கடந்து சென்றார். அவருடைய குரல் ஓரிடத்திலும் இல்லை. உம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அத்தொகுப்பாளரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அக்காலத்து வழக்கம் அது. பாட்டு இல்லாவிட்டால் நாமே பணம் கொடுத்திருக்க மாட்டோம். அவருக்கு வெட்டவும் ஒட்டவும் தெரிந்திருந்தது. அந்தத் திருமணத்தின் உயிர்நாடி எந்த நொடியில் இருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கதை தெரியாதவர் கையில் கத்தரிக்கோல் கிடைத்தால் கதையின் உயிரே வெட்டுப்படும். அன்று நான் கற்ற பாடம் இது.

நம் மரபு காட்டும் வழி

மணவிழாவை எவ்வாறு சொல்வது என்பதற்கு நம் இலக்கியத்தில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. அகநானூற்றின் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. உழுந்து கலந்த பொங்கல் விருந்து, வரிசையாகக் கால்நட்ட பந்தல், புதுமணல் பரப்பிய முற்றம், ஏற்றிய விளக்கு, தொங்கும் மாலைகள், வைகறைப் பொழுது, தலையில் குடமேந்திவரும் முதுபெண்டிர், மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி நீராட்டுதல் என யாவும் அதில் உண்டு. அகநானூற்றுப் பாட்டு எதுவும் 31 அடிக்கு மேற்படுவதில்லை. அந்தச் சிறிய அளவுக்குள் ஒரு முழுத் திருமணம் அடங்கிவிடுகிறது. இது எவ்வாறு இயன்றது? சொல்பவன் ஒருவனே, அவன் மணமகன். நினைத்துப் பார்த்துச் சொல்கிறான். தன் நினைவில் நின்றவற்றை மட்டும் சொல்கிறான். பாட்டு சடங்கோடு முடிவதில்லை. அன்றிரவு, உன் நெஞ்சில் நினைத்ததைச் சொல் என்று அவளைக் கேட்பதும், அவள் மகிழ்வோடு முகம் தாழ்த்துவதும் வரை செல்கிறது. யார் கண்வழியாகக் காண்கிறோம், எதில் முடிக்கிறோம் என்னும் இரண்டையும் இப்பாட்டு நமக்குக் கற்பிக்கிறது.

திருமறையில் யூசுப் (அலை) அவர்களின் வரலாறு வரலாறுகளுள் அழகியது என்று சுட்டப்பெறுகிறது. இறைவாக்கு மனிதக் கலைக்கு உட்பட்டதன்று. ஆயினும் அதனைச் சிந்திப்போர் கற்றுக்கொள்ள அதில் நிரம்ப உண்டு. சிறுவர் கண்ட கனவொன்றில் தொடங்கும் அவ்வரலாறு, அக்கனவு நனவாகும் இடத்தில் நிறைவெய்துகிறது. இடையே ஒரு சட்டை மூன்று முறை வருகிறது. பொய்க்குருதி பூசப்பெற்றுத் தந்தையிடம் வருகிறது. பின்புறம் கிழிபட்டு உண்மைக்குச் சான்றாகிறது. இறுதியில் முதிய தந்தையின் முகத்தில் போடப்பட்டுப் பார்வையை மீட்டுத் தருகிறது. சட்டை என்னும் ஒரு பொருளே துயரத்தையும் நீதியையும் மகிழ்ச்சியையும் ஏந்தி வருகிறது. நம் மணவீடுகளிலும் இத்தகைய பொருள் ஒன்றேனும் இருக்கும். பாட்டியின் கருகமணி, உம்மாவின் மரப்பெட்டி, வாப்பா வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த கைக்கடிகாரம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டறிந்து, தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் காட்டினால் போதும். ரோசாப் பூக்களும் இதய வடிவங்களும் தேவைப்படா.

நம் தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் இரு திருமணங்களை விரித்துப் பாடியுள்ளார். விலாதத்துக் காண்டத்தில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் திருமணமும், ஹிஜ்றத்துக் காண்டத்தில் அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் திருமணமும் அமைந்துள்ளன. அரபு நாட்டை அவர் பாடும்போது நம் மண்ணின் மழையும் ஆறும் வயலும் அங்கே வந்துசேர்கின்றன. கேட்போர் தம் ஊரைக் கொண்டே அயலூரை அறிவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நாமோ நம் ஊரில் நடக்கும் திருமணத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பனிமலையைப் பின்னணியாக ஒட்டிக்கொண்டிருந்தோம்!

1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா, இன்று முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது. மசலா என்றால் வினா. வினவலும் விடையிறுத்தலுமாகவே ஒரு நூலை நடத்திச் செல்லும் வகை அது. மணவிழாப் படத்துக்கு இதனினும் எளிய உத்தி வேறில்லை. திருமணத்துக்கு முந்திய நாள் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, தங்கள் திருமணம் எவ்வாறு நடந்தது, மஹர் எவ்வளவு, யார் யார் வந்தார்கள் என்று மூன்று வினாக்கள் கேட்டுப் பதிவு செய்தால், அதுவே அப்படத்தின் முதுகெலும்பாகிவிடும்.

கீழவைப்பாரின் முதல், கரு, உரி

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்குரிய உயிர்களும் தொழிலும் பிறவும் கரு. மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரி. படப்பதிவாளர்க்கு இம்மூன்றையும்விடச் சிறந்த பாடத்திட்டம் கிடைப்பது அரிது.

கீழவைப்பாரை எடுத்துக்கொள்வோம். மேற்குமலைப் பகுதியில் தோன்றிச் சாத்தூர் வழியே வரும் வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடம். ஆற்றுமுகம், கடல், மணல்மேடு, பனைமரம், இவற்றின்மேல் படியும் எற்பாட்டு வெயில் ஆகியன முதற்பொருள். வள்ளம், வலை, சங்கு, காயும் மீன், பள்ளிவாசலின் பாங்கோசை, அதனோடு கேட்கும் மாதாகோயில் மணி ஆகியன கருப்பொருள். நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல். மகளைப் பிரியும் வீட்டில் அன்றிரவு நிலவும் உணர்வும் அதுவேயன்றோ? இம்மூன்றும் இணையும்போது அத்திருமணம் கீழவைப்பாரில் நடந்தது என்பதற்குப் பெயர்ப்பலகை தேவையில்லை.

இக்கரைக்கே உரிய கதையொன்றும் உண்டு. முத்தும் சங்கும் மூச்சடக்கிக் குளித்தெடுத்த காலத்தில், கடலில் இறங்குபவனின் உயிர் தோணியில் கயிறு பிடிப்பவனின் கையில் இருந்தது. அடியிலிருந்து கயிறு அசைந்ததும் நொடியும் தாமதியாமல் இழுக்க வேண்டும். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதே வழக்கம் என்று முத்துக்குளிப்புக் கரைகளில் சொல்வார்கள். தன் தமக்கையோ தங்கையோ கைம்பெண்ணாவதை எந்தச் சகோதரனும் விரும்பமாட்டான் என்பதே காரணம். ஆகவே இக்கரையில் ஒருவன் மணமுடிக்கும்போது மனைவியை மட்டும் பெறுவதில்லை. தன் உயிர்க்கயிற்றைப் பிடிக்கும் கையையும் பெறுகிறான். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961க்குப் பின்னர் நடைபெறவில்லை. மூச்சடக்கிக் குளித்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் தம் பேத்தியின் திருமணத்தில் அமர்ந்திருக்கும்போது, அவருக்குக் கயிறு பிடித்த கையை நம் கருவி காட்டுகிறதா? அல்லது அவரைக் கடந்து மேடை அலங்காரத்துக்கு விரைகிறதா? மச்சானும் மச்சானும் தழுவிக்கொள்ளும் ஒரு நொடிக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் கதை இருக்கிறது. அதை அறிந்தவனே அந்நொடியில் கருவியை நிறுத்துவான்.

இக்கரை மாந்தரின் வாழ்வை நாவலாசிரியர்கள் எழுதாமல் இல்லை. தோப்பில் முகம்மது மீரான், ஜோ டி குருஸ் போன்றோர் கடலோர வாழ்வைத் தமிழுக்குத் தந்துள்ளனர். ஆயினும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாவலாசிரியர் கிடைப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திருமணப் படம் கிடைத்துவிடுகிறது. நம் எளிய குடும்பங்கள் தமக்கென்று விட்டுச்செல்லும் ஒரே வரலாற்று ஆவணம் பெரும்பாலும் அதுதான். அதனாலேயே அதன் தரம் பற்றிக் கவலைகொள்ள வேண்டியுள்ளது.

கதை வேறு, கட்டுக்கதை வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கதைபோலச் சொல்லுதல் என்பதைத் திரைப்படம்போல நடித்தல் என்று பலர் பிழைபட உணர்ந்துள்ளனர். மணநாளுக்கு முன்னரே மணமக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஓடச் செய்வதும், நடைபெறாத சந்திப்பை நடந்ததாகக் காட்டுவதும், அழாத தாயை அழுமாறு கேட்பதும் இன்று பரவி வருகின்றன. ஹதீஸ் கலையில் செய்தியைவிட அதனைக் கொணர்ந்த அறிவிப்பாளர் தொடரை முதலில் ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. எவர் கண்டார், எவரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று வினவாமல் எதையும் ஏற்காத மரபில் வந்தோர், நம் வீட்டு ஆவணத்தில் பொய் புகுவதை எவ்வாறு பொறுப்பது? எதைக் கொள்வது, எந்த வரிசையில் வைப்பது என்னும் அளவில் கதை உத்தி நிற்க வேண்டும். நடந்ததை மாற்றும் உரிமை அதற்கில்லை.

பிறர் பொருளைக் கையாள்வதிலும் கவனம் தேவை. 2022 சூன் 9 அன்று மாமல்லபுரத்தில் நடைபெற்ற நடிகை நயன்தாராவின் திருமணத்தை உள்ளடக்கிய ஆவணப்படம் 2024 நவம்பர் 18 அன்று நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியாயிற்று. திருமணத்தை மட்டும் காட்டாமல் அவருடைய வாழ்க்கைப் போராட்டத்தையும் சொல்லி, அதன் பயனாகத் திருமணத்தை வைத்தது அப்படம். கதை உத்தி என்ற அளவில் அது நன்று. ஆனால் 2015இல் வெளிவந்த 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்பின் சில நொடிக் காட்சிகள் அதில் இடம்பெற்றமை குறித்து எழுந்த பதிப்புரிமைப் பூசல் உயர்நீதிமன்றம் வரை சென்றது. நமக்கும் இதில் பாடம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மணவிழாவில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்களிக்கிறது. அப்பாட்டைப் படத்தோடு ஒட்டி இணையத்தில் வெளியிடுவது வேறு. இரவல் பாட்டை நீக்கினால் சட்டச் சிக்கலும் நீங்கும். அழிந்துபோகும் குரல்களும் தப்பும்.

பெரியோர்களின் மறுப்பு

வீடியோவே வேண்டாம் என்போர் நம் பெரியோர்களுள் உண்டு. அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று: பெண்களின் திரைமறைவு குலைகிறது, வீண்செலவு மிகுகிறது, பள்ளிவாசலின் கண்ணியம் கெடுகிறது. இவற்றை இளைஞர்கள் பழமை என்று தள்ளிவிடுதல் தகாது. பெண்கள் கூடும் பகுதியில் அயல் ஆடவர் கருவியுடன் நுழைவதும், அப்படங்கள் எண்ணற்ற கைப்பேசிகளுக்குப் பரவுவதும் உண்மையான தீங்குகள். ஒளிநாடா வீட்டு அலமாரியில் கிடந்தது. இன்றைய படம் நம் கையைவிட்டுப் போனால் திரும்பாது.

ஆயினும் இம்மறுப்புகள் மூன்றுக்கும் விடை, முறையான கதை சொல்லலிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. கதை என்பது தேர்ந்தெடுத்தல், எல்லாவற்றையும் காட்டுவதன்று. மணமகளின் முகத்தைக் காட்டாமலேயே அவளுடைய திருமணத்தைச் சொல்ல இயலும். மருதாணி இட்ட கை, கையெழுத்திடும் பேனா, வாசலில் கழற்றி வைத்த செருப்புகளின் வரிசை, அடுத்த நாள் வெறுமையான அவள் அறை ஆகியன போதும். பெண்கள் பகுதியைப் பதிவு செய்வதற்கு நம் பெண்பிள்ளைகளே பயிற்சி பெறலாம். அப்பதிவு அவ்வீட்டுப் பெண்களிடமே இருக்கட்டும். பள்ளிவாசலுக்குள் படம் வேண்டாம் என்று ஜமாஅத் முடிவு செய்தால் குரலை மட்டும் பதியலாம். குரல் ஒன்றே போதும் என்பதை என் வீட்டு அனுபவத்தில் அறிவேன். செலவைப் பொறுத்தவரை, ஒரு கைப்பேசியும் ஓர் ஒலிவாங்கியும் கதை தெரிந்த ஒருவரும் இருந்தால், இலட்சக்கணக்கில் செலவிட்ட படத்தைக் காட்டிலும் நிலைத்த ஆவணம் கிடைக்கும். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்ன மார்க்கம் எளிமையைத்தான் கற்பிக்கிறது. படத்துக்காகக் கடன்படுவது அதற்கு முரணானது.

செய்யத்தக்கன

தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது, நடைபெறும் திருமணங்களில் வீட்டார் இசைவுடன் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யலாம். பைத்துகள், வாழ்த்துப் பாடல்கள், பந்திப் பேச்சு, சமையற்காரரின் கணக்கு எல்லாம் வழக்கொழிந்து வரும் சொற்களின் கருவூலங்கள். படப்பதிவைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்களுக்கு நம் துறையே ஒருநாள் பயிலரங்கு நடத்தி, அகநானூற்றையும் ஆயிரம் மசலாவையும் அறிமுகம் செய்யலாம். பெற்றோரும் படப்பதிவாளரிடம் விலை பேசுவதோடு நின்றுவிடாமல், எம் வீட்டில் முதன்மையானவர் இன்னார், தவறவிடக்கூடாத நொடி இன்னது என்று முன்னரே சொல்லி வைக்க வேண்டும். நிக்காஹின் அசல் ஒலியை ஒருபோதும் அழிக்கலாகாது என்பதை முதல் நிபந்தனையாக்குக.

என் சகோதரியின் மகளுக்கு 2019இல் திருமணம் நடந்தது. படம் எடுத்த இளைஞர் நம் ஊர்க்காரர். என் சகோதரி அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, பாட்டு ஏதும் வேண்டாம், மாப்பிள்ளைக்கு எதிரில் இவள் வாப்பா பேசுகிறபோது மட்டும் நன்றாகக் கேட்க வேண்டும்." அவ்வாறே அமைந்தது. இருபது நிமிடமே ஓடும் அப்படத்தில் கடலோசைக்கு இடையே அந்தக் குரல் தெளிவாகக் கேட்கிறது. உம்மா அதை எத்தனை முறை கேட்டிருப்பார் என்று எண்ணிச் சொல்ல இயலாது. மருமகனின் குரலைக் கேட்கும்போது அவர் யாருடைய குரலை நினைத்துக்கொள்கிறார் என்பதை நாங்கள் எவரும் வினவியதில்லை.

சாட்சியம் அமானிதம். அதை உரியவரிடம் சிதையாமல் சேர்ப்பது நம் கடன். கருவியை ஏந்தும் இளைஞர்களும், அவர்களை அழைக்கும் பெற்றோரும், அவர்களுக்குக் கதையைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களும் இதனைச் சிந்திப்பார்களாக!